மங்கு மறையக் காலம் கொடுங்கள்

கருவுற்ற பெண்களுள் பத்தில் ஒன்பது பேருக்குத் தோலின் நிறத்தில் ஏதேனும் ஒரு மாற்றம் தோன்றுகிறது. மார்புக் காம்பைச் சுற்றியுள்ள வட்டம் அடர்கிறது. அடிவயிற்றின் நடுவே, அதுவரை கண்ணுக்குப் புலப்படாதிருந்த கோடு கருங்கோடாகிறது. கழுத்தும் அக்குளும் கறுக்கின்றன. இவற்றைக் காட்டுவதற்காக எவரும் தோல் மருத்துவரைத் தேடி வருவதில்லை. ஆடை அவற்றை மறைத்துவிடுகிறது. கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் திட்டுத்திட்டாகப் படரும் மங்குதான் பெண்களை எங்களிடம் அழைத்து வருகிறது. அதற்குக் காரணம் அந்தத் திட்டுகள் மட்டுமல்ல, அவற்றைக் கண்டவர்கள் சொன்ன சொற்களும்தான்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன். மங்கு தாய்க்கோ வயிற்றிலுள்ள குழந்தைக்கோ தீங்கு செய்வதில்லை. அதை உடனே போக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வாங்கிப் பூசும் களிம்புகள் தீங்கு செய்யக்கூடும். ஆகவே கருக்காலத்தில் மங்குக்கு முதல் மருத்துவம் வெயில் காப்பும் பொறுமையுமே. அந்தப் பொறுமை குலையாமல் காக்கும் பொறுப்பு, கருவுற்றவளைவிட அவளைச் சூழ்ந்திருப்போருக்கே மிகுதி.

மங்கு ஏன் வருகிறது? நம் தோலில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்கள் உள்ளன. கருக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் முதலிய ஹார்மோன்கள் பெருகும்போது இச்செல்கள் தூண்டப்பட்டு, வழக்கத்தைவிட மிகுதியாக நிறமியைச் சுரக்கின்றன. அதனுடன் வெயிலும் சேரும்போது முகத்தில் கருமை படிகிறது. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ மங்கு இருந்திருந்தால் வரும் வாய்ப்புக் கூடுதல். இயல்பிலேயே மாநிறமோ கருநிறமோ கொண்ட நம் தோலில் இச்செல்கள் சுறுசுறுப்பானவை. ஆதலால் மங்கு நம்மிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. இதில் தூய்மைக் குறைவு இல்லை; உணவுக் குற்றமும் இல்லை.

ஆயினும் வளைகாப்பு நாளன்று, அலங்கரித்து அமர்த்திய பெண்ணின் கைக்கு வளையல் போடும்போதே “முகம் ஏன் இப்படிக் கறுத்துப் போயிற்று?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முகம் கறுத்தால் இன்ன குழந்தை என்று ஆரூடம் சொல்பவர்களும் உண்டு. குழந்தை ஆணா பெண்ணா என்பது கருவுறும் கணத்திலேயே தந்தையின் விந்தணுவால் முடிவாகிவிடுகிறது. தாயின் முகத்தில் அதைப் படிக்க இயலாது. குங்குமப்பூவும் குழந்தையின் நிறத்தை மாற்றுவதில்லை. அந்த நிறம் பெற்றோரின் மரபணுக்களால் அமைவது. கேட்பவர் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். கேட்கப்பட்டவளோ மறுநாள் மருந்துக் கடையிலோ அழகு நிலையத்திலோ நிற்கிறாள்.

அங்கே அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று மருந்துகள் கலந்த ஒரு களிம்பு: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. மங்கு மருத்துவத்தில் இக்கலவைக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் கருக்காலத்தில் இல்லை. ஹைட்ரோகுவினோன் பூசிய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தோல் வழியே உடலுக்குள் செல்லக்கூடியது. டிரெட்டினாயின் வைட்டமின் ‘ஏ’ வழிப் பிறந்த மருந்து. இவ்வகை மருந்தை மாத்திரையாக உட்கொண்டால் கருவில் ஊனங்கள் உண்டாகும் என்பதால், களிம்பையும் தவிர்க்கிறோம். ஸ்டீராய்டோ முதல் சில வாரங்களில் முகத்தை வெளுக்கச் செய்து மனத்தைக் கவர்ந்துவிடும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பருக்களும் முடியும் முளைக்கும். நிறுத்தினாலோ எரிச்சலுடன் கருமை திரும்பும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று நடுவண் அரசு 2018-இல் அறிவித்தது. கேட்டவுடன் கிடைக்கிறது என்பதனாலேயே ஒரு களிம்பு பாதுகாப்பானது ஆகிவிடாது.

இதனினும் கொடியது பாதரசம் கலந்த சிவப்பழகுப் பூச்சு. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் சென்றடையும், தாய்ப்பாலிலும் கலக்கும். தயாரிப்பாளரின் முகவரியோ உட்பொருள் பட்டியலோ இல்லாத பூச்சை, வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவந்ததாயினும், தொட வேண்டா. தங்கம், வெள்ளி நகைகளின் மேல் படக்கூடாது என்ற எச்சரிக்கை உறையில் இருந்தால், அது பாதரசம் இருப்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் தேய்ப்பது, நாரால் அழுத்தித் துடைப்பது ஆகியவையும் வேண்டா. புண்பட்ட தோல் முன்னினும் கறுக்கும்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வெயிலைக் கூடியவரை தவிருங்கள். வெளியே சென்றால் குடை பிடியுங்கள். செலவு குறைந்த, பக்கவிளைவற்ற காப்பு அதுவே. பேருந்திலும் காரிலும் கண்ணாடி மூடியிருந்தாலும் மங்கைத் தூண்டும் கதிர்கள் உள்ளே வரும். சன்ஸ்கிரீன் வாங்குவதாயின் துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு கொண்டதாக, காப்பு எண் 30-க்குக் குறையாததாகத் தேர்ந்தெடுங்கள். நம் நிறத்தவர்க்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு. ஆகவே தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீன் மேலும் நல்லது. ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெயிலில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

மகப்பேற்றுக்குப் பின், பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் மங்கு தானே வெளிறுகிறது. கருங்கோடும் மெல்ல மறைகிறது. மார்புக் காம்பின் நிறம் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருக்கலாம். சிலருக்கு மங்கு நிலைத்துவிடுவதும், அடுத்த கருவின்போது மீண்டும் தோன்றுவதும் உண்டு. அவர்களுக்கு மருத்துவம் இருக்கிறது. தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அதற்கேற்ப மருந்து மாறும். மங்குக்கென்று பேசப்படும் டிரனெக்ஸாமிக் அமில மாத்திரையைப் பிறர் சொல்கேட்டு விழுங்க வேண்டா. பேற்றுக்குப் பிந்தைய வாரங்களில் இரத்தம் உறையும் இயல்பு மிகுந்திருக்கும்; அம்மாத்திரை அந்த இடரைக் கூட்டக்கூடும். கருத்தடை முறையைத் தேர்ந்தெடுக்கும்போதும் மங்கைப் பற்றிக் கூறுங்கள். ஹார்மோன் மாத்திரை அதைத் தூண்டலாம்; காப்பர்-டி தூண்டாது.

பொறுமை காக்கச் சொல்வதால் எல்லாவற்றையும் பாராதிருக்கச் சொல்வதாகக் கொள்ள வேண்டா. ஒரு மச்சம் மட்டும் விரைந்து வளர்ந்தாலோ, வடிவம் மாறினாலோ, இரத்தம் கசிந்தாலோ காட்டுங்கள். கழுத்தின் பின்புறம் கறுத்து, தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் ஆகியிருந்தால் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கருக்காலத்தின் பிற்பகுதியில், தடிப்பு எதுவுமின்றி உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையாக அரித்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அது பித்தநீர்த் தேக்கத்தின் அறிகுறியாகலாம், குழந்தையைப் பாதிக்கக்கூடியது.

“அழகுதானே, இதற்கா கவலை?” என்று தள்ளிவிடுவோரோடும் நான் உடன்படவில்லை. கண்ணாடியில் தன் முகம் தனக்கே அயலாய்த் தெரிவது சிறு துயரன்று. பேற்றுக்குப் பின் உறக்கமின்றித் தளர்ந்திருக்கும் பெண்ணுக்கு அது மேலும் கனக்கும். பல வாரங்கள் அவள் வாட்டமாகவே இருந்தால் அதனையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இம்மாற்றங்கள் வரும் என்பதைக் கருப் பரிசோதனைக்கு வரும் முதல் நாளிலேயே ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளோடு வரும் உறவினர்க்கும் சொல்லிவிடுவது நன்று. வருமுன் அறிந்திருந்தால் வந்தபின் அச்சம் இராது.

கணவருக்கும் மாமியாருக்கும் தாய்க்கும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. நிறத்தைப் பற்றிப் பேசாதிருங்கள். பிறர் பேசினால், “இது மகப்பேற்றில் வழக்கமாக வருவதுதான்” என்று அவளுக்கு முன்னால் நீங்களே மறுமொழி சொல்லுங்கள். அடுத்த முறை அவளோடு பரிசோதனைக்கு வரும்போது ஒரு குடையை மறவாமல் எடுத்து வாருங்கள்.