அங்கன்வாடிக்கு வரும் முன்பே

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று தன் வயதுக்குரிய உயரத்தை எட்டவில்லை என்று 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. நாட்டின் சராசரி 35.5 விழுக்காடு என்பதால் நம் 25 விழுக்காடு சிலருக்கு ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதை அரசின் கடமையாக ஏற்றுக்கொண்டு, 1982 முதல் அதைச் சத்துணவுத் திட்டமாகவே நடத்திவரும் மாநிலம் அந்த ஆறுதலோடு நின்றுவிட முடியாது.

வயதுக்கேற்ற உயரம் இல்லாத நிலையை வளர்ச்சிக் குன்றல் என்றும், உயரத்துக்கேற்ற எடை இல்லாத நிலையை உடல் மெலிவு என்றும் ஊட்டச்சத்து அறிவியல் பிரித்துக் காட்டுகிறது. ஒரு வாரக் காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ குறைந்துபோகும் எடை, நல்ல கவனிப்பு கிடைத்தால் மீண்டு வந்துவிடும். உயரமோ மாதக்கணக்கில் தொடர்ந்த பற்றாக்குறையின் பதிவாக உடலிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை அளவுப் பலகையில் படுக்கவைத்தும், அதற்கு மேற்பட்ட குழந்தையைக் குதிகால், முதுகு, பின்தலை ஆகியவை பலகையில் படும்படி நிற்கவைத்தும் அங்கன்வாடிப் பணியாளர் எடுக்கும் அளவு, அந்தக் குழந்தையை மட்டுமல்லாமல் அதன் வீடு கடந்துவந்த காலத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறது.

பெற்றோர் குள்ளமாக இருந்தால் பிள்ளையும் அப்படித்தான் இருக்கும் என்று வீடுகளில் சொல்லி, கவலையைத் தள்ளிவைப்பதுண்டு. தனிப்பட்ட ஒரு குழந்தையின் உயரத்தில் பெற்றோரின் உயரத்துக்குப் பங்கு உண்டு என்பது மெய்யே. ஆயினும் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் மேற்கொண்ட ஆய்வில், தாய்ப்பாலும் தக்க இணையுணவும் மருத்துவக் கவனிப்பும் தூய சூழலும் கிடைத்த குழந்தைகள், எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே அளவில் வளர்கின்றனர் என்பது தெளிவாயிற்று. டெல்லிக் குழந்தைகளும் அந்த ஆய்வில் இருந்தனர். 2006இல் வெளியான வளர்ச்சி அட்டவணை அதன் பயனே. ஆகவே ஒரு மாநிலத்தில் நான்கில் ஒரு பிள்ளை பின்தங்கும்போது, பழியைப் பரம்பரையின் மேல் போடுவதற்கு இடமில்லை.

இந்தப் பின்னடைவின் பெரும்பகுதி நிகழ்வது, தாய்ப்பால் மட்டும் போதாமல் இணையுணவு தேவைப்படத் தொடங்கும் ஆறாம் மாதத்துக்கும் இரண்டாம் வயதுக்கும் இடையில்தான். குழந்தையின் இரைப்பை சிறியது. குழந்தை வளரும் வேகமோ மிக அதிகம். நீர்த்த கஞ்சியும் ரசம் சோறும் வயிற்றை நிரப்பிவிடும், வளர்ச்சிக்கு வேண்டிய ஆற்றலைத் தரா. அதே சோற்றைப் பருப்போடு கெட்டியாகக் குழைத்து, ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டு, மசித்த கீரையோ முட்டையோ சேர்த்துப் பல வேளையாக ஊட்டினால் கணக்கு மாறிவிடுகிறது. டீயில் நனைத்த பிஸ்கட் பசியை அடக்குமேயன்றி அந்த உணவின் இடத்தை நிரப்பாது. டீ, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கிறது. அதே தேசிய ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதும், முந்தைய ஆய்வைவிட அது கூடியிருப்பதும் எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தி அல்ல.

தாய்க்கு இதெல்லாம் தெரியவில்லை என்று முடிவுகட்டுவது நியாயமன்று. குடும்பப் பின்னணி என்று ஆய்வுகள் குறிப்பிடுவதில் வருவாய், தாயின் படிப்பு, அவள் பார்க்கும் வேலை, பிள்ளைகளுக்கிடையே உள்ள இடைவெளி, குடிநீர், கழிப்பறை ஆகியவை எல்லாம் அடங்கும். இந்திய அளவில், பள்ளிக்கே போகாத தாய்மாரின் பிள்ளைகளில் 46 விழுக்காட்டினரும், பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்த தாய்மாரின் பிள்ளைகளில் 26 விழுக்காட்டினரும் வளர்ச்சி குன்றியவர்கள். படித்த தாய்மாரின் வீட்டிலும் நான்கில் ஒரு பிள்ளை பின்தங்குகிறது என்றால், அறிவுரை மட்டும் போதாது என்பதே பொருள். நாற்று நடவுக்கோ செங்கல் சூளைக்கோ விடியுமுன் கிளம்பும் தாய், பத்து மாதக் குழந்தையைப் பாட்டியிடமோ, ஏழு வயது அக்காவிடமோதான் விட்டுச் செல்கிறாள். நாளுக்கு நான்கைந்து முறை பொறுமையாக ஊட்டும் நேரத்தை அந்த வீடு எங்கிருந்து கொண்டுவரும்? குழந்தைக்கென்று அங்கன்வாடி தரும் சத்துமாவுப் பொட்டலமும், வீட்டில் பிள்ளைகள் பலராக இருந்தால் எல்லோருக்குமாகக் கரைந்துபோகிறது.

சத்துணவுத் திட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1980இல், உலக வங்கியின் உதவியோடு இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு முதல் முப்பத்தாறு மாதக் குழந்தைகளையே குறியாகக் கொண்டிருந்தது. மாதந்தோறும் எடை பார்த்து, எடை கூடாமல் நிற்கும் குழந்தையை இனங்கண்டு, அது தேறும்வரை கூடுதல் உணவு கொடுத்து, தாயோடும் பேசியது அந்தத் திட்டம். தளர்ச்சி தொடங்கும் நேரத்திலேயே தலையிட வேண்டும் என்ற அந்தத் தெளிவு பின்னாளில் மங்கிவிட்டது. இன்று அங்கன்வாடியின் சூடான மதிய உணவு இரண்டு வயதுக்குப் பிறகே முறையாகக் கிடைக்கிறது. அந்த உணவு இன்றியமையாதது. ஆனால் இழந்த உயரத்தை அதனால் முழுமையாக மீட்டுத் தர இயலாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின்கீழ் ஏழைத் தாய்மாருக்குக் கிடைக்கும் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி, பேறுகாலத்தைச் சுற்றிய மாதங்களுக்குத் துணை நிற்கிறது. 26 வார ஊதிய விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகமும் 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் தந்தவை. ஆனால் கூலித் தொழிலாளியான தாயை அந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டவில்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த ஒன்றிய அரசின் பால்னா திட்டம் வழிசெய்திருக்கிறது. கூலி வேலைக்குப் பெண்கள் பெருமளவில் செல்லும் ஊராட்சி ஒன்றியங்களை முதலில் தெரிவுசெய்து, ஆறு மாதம் நிறைந்த குழந்தையையும் நாள் முழுவதும் வைத்துக் கவனித்து, வேளை தவறாமல் ஊட்டும் காப்பகங்களை அங்கே திறப்பதையும், அவற்றுக்கெனத் தனிப் பணியாளரை அமர்த்துவதையும் வரும் நிதிநிலை அறிக்கையிலேயே தமிழ்நாடு அரசு அறிவிக்க வேண்டும். ஏற்கெனவே எடையும் பதிவேடும் சமையலும் சுமக்கும் அங்கன்வாடிப் பணியாளரின் தலையிலேயே இதையும் ஏற்றிவிடக் கூடாது.