திருடனுக்குப் போட்ட பூட்டு

காரைத் திருடன் தொட்டால் அலாரம் கத்த வேண்டும். நியாயம். சொந்தக்காரர் தொட்டாலும் கத்தினால்? கத்தக்கூட இல்லாமல், டாஷ்போர்டில் ஒரு சின்ன சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, "நீ யாருன்னே தெரியாது" என்று வண்டி அடம்பிடித்தால்?

விடியற்காலைப் பழவேற்காட்டை நினைத்துப் பாருங்கள். இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியில் ஏறிவிட்டன. சென்னைக்குச் சுமார் அறுபது கிலோமீட்டர். ஒரு சின்ன வியாபாரி தன் செகண்ட் ஹேண்ட் காரின் பின் சீட்டை மடக்கிப் பெட்டிகளை அடுக்கிவிட்டுச் சாவியைத் திருகுகிறார். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. இன்ஜின் ஒரு நொடி உறுமிவிட்டு அணைந்துவிடுகிறது. சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப் பையன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "அண்ணே, ஈசியூ போயிருக்கும். மாத்தணும்."

"போயிருக்கும்." இந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவின் வில்லன். போயிருக்கிறதா, இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் செலவு மட்டும் முடிவாகிவிட்டது. ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது.

முதலில் இந்த இம்மொபிலைசர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது (ரிமோட் பட்டனுக்குத்தான் பேட்டரி). சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். சாவியைத் திருகியதும் அந்தச் சுருள், பல வண்டிகளில் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், சிப்புக்கு மின்சாரமும் ஊட்டுகிறது, கேள்வியும் கேட்கிறது. பதில் சரியாக இருந்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் எரிபொருளை விடும். இல்லையென்றால் விடாது. அவ்வளவுதான்.

இது வேண்டாத பொருள் என்று யாரும் சொல்ல முடியாது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் 1998லேயே புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இது இல்லாமல் அமெரிக்காவில் விற்ற சில மாடல்களை 2021க்குப் பிறகு சின்னப் பையன்கள் யு.எஸ்.பி. ஒயரின் முனையை வைத்தே கிளப்பிக்கொண்டு போன கூத்தை டிக்டாக்கில் உலகமே பார்த்தது. பூட்டு நல்ல பூட்டுதான்.

பிரச்சினை, பழவேற்காட்டுக் காற்று. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் உள்ள குப்பங்களில் காற்றே உப்பு. அது போதாதென்று மீன் பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்குகிறது. பல கார்களில் ஒயர் கட்டுகளும் கனெக்டர்களும் அங்கேதான் ஓடுகின்றன. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்பு பச்சையாகக் களிம்பு பிடிக்கும். பாடியில் போல்ட் போட்டு இறுக்கிய எர்த் ஒயர் துருவின் மேல் உட்கார்ந்திருக்கும். இதற்கு மேல், கடையில் மாட்டிய அலாரம் வேறு. ஒயரை நடுவில் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய அந்த ஜாயின்ட் இருக்கிறதே, உப்புக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. நடுராத்திரி சும்மா கத்தும் அலாரங்களில், பானெட் சுவிட்சோ கதவு சுவிட்சோ துருப்பிடித்து "யாரோ திறந்துட்டாங்க" என்று பொய் சொல்வதும் வழக்கமான ஒன்று.

ஆகவே, இந்த ஊரில் அந்த விளக்கு சிமிட்டினால் முதல் சந்தேகம் கம்ப்யூட்டர் மேல் போகக்கூடாது. உப்பின் மேல் போக வேண்டும். அதைப் பார்க்கச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். வரிசை இதுதான்:

1. பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் கம்ப்யூட்டரே குழம்பிப்போகும், சாவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

2. சாவி. ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் கிளம்பினால் தவறு முதல் சாவியின் சிப்பில். ஒரே வளையத்தில் இன்னொரு வண்டியின் சிப் சாவி இருந்தால் கழற்றிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து பேசினால் வண்டிக்கு எதுவும் புரியாது.

3. எர்த். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று இன்ஜின் உலோகத்தில், பிறகு பாடியில். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பத்தில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. கழற்றி, சுரண்டி, இறுக்கினால் முடிந்தது.

4. ஃபியூஸ், பிறகு கனெக்டர். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் கனெக்டரைப் பிரிக்க வேண்டும். பச்சைக் களிம்பு தெரிந்தால் காண்டாக்ட் கிளீனர். சாவித் துவாரச் சுருளின் ஒயர் அறுந்திருந்தால் அதையும் மீட்டரே சொல்லிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படும் உரிமை வருகிறது. முதலிலேயே ஈசியூவை மாற்றினால் அதைச் சாவியோடு மறுபடி பழக்க வேண்டும், அது தனிச் செலவு. கெட்டது எர்த் என்றால் புது ஈசியூ வந்த பிறகும் அதே விளக்கு அதே இடத்தில் சிமிட்டும் :)

அப்படியென்றால் ஏன் யாரும் இதைச் செய்வதில்லை? மெக்கானிக் மேல் பழி போடுவது சுலபம். கணக்குப் போட்டால் வேறு விஷயம் தெரியும். அரை மணி நேரம் மீட்டரோடு தவழ்ந்து, ஒரு போல்ட்டைச் சுரண்டி வண்டியைக் கிளப்பியவனுக்கு என்ன கிடைக்கும்? "பார்த்ததுக்கெல்லாமா காசு?" என்ற கேள்விதான். பார்ட்ஸ் மாற்றியவனுக்கோ பில் போட ஒரு பொருள் இருக்கிறது. கண்டுபிடிப்பதற்குக் கூலி தராத ஊரில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், மாற்றத்தான் செய்வார்கள்.

அடுத்த காரணம் பெரியது. மேலே சொன்ன நாலையும் தாண்டிவிட்டால், உள்ளூர் மெக்கானிக்கின் கை உண்மையிலேயே கட்டப்படுகிறது. விலை மலிவான ஸ்கேனர் இன்ஜின் கோளாறுகளைப் படிக்கும், இம்மொபிலைசருக்குள் பெரும்பாலும் நுழையாது. ஒயரிங் படமும் சாவி பழக்கும் கருவியும் கம்பெனியிடம். அதே கரையில் படகு இன்ஜினை மணலில் வைத்துப் பிரித்துச் சரிசெய்துவிட முடிகிறது. காரைத்தான் லாரியில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

இது விதி இல்லை. 2011ல் ஒரு கார் வாடிக்கையாளர் கொடுத்த புகாரில், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான் குற்றம். வெளியே ரிப்பேர் பார்த்தார் என்பதற்காகவே வாரன்டியை ரத்து செய்யக்கூடாது என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022ல் மத்திய நுகர்வோர் துறை "பழுதுபார்க்கும் உரிமை" பற்றிப் பேச ஆரம்பித்து, இணையதளமும் திறந்தது. அதில் வாகனமும் ஒரு பிரிவு. ஆனால் குப்பத்து ஒர்க்‌ஷாப் வரை அந்த உரிமை வந்து சேர வேண்டாமா?

"சாவி ரகசியத்தை எல்லோருக்கும் கொடுத்தால் திருடனுக்கும் போகுமே?" நியாயமான கேள்வி. எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பின்னணி சரிபார்க்கப்பட்டுப் பதிவு செய்த பூட்டுத் தொழிலாளிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் சாவிக் குறியீடு கிடைக்கிறது. யார், எந்த வண்டிக்கு வாங்கினார் என்ற பதிவு இருக்கும். ஐரோப்பாவிலும் அதே மாதிரி அங்கீகார முறை வந்துவிட்டது.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஏரியில் பாடு முறை என்று ஒன்று தலைமுறைகளாக இருக்கிறது. எந்த இடத்தில், யார், எந்த நாளில் வலை போடலாம் என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. வெளியாள் இஷ்டத்துக்கு நுழைய முடியாது, ஆனால் முறை உள்ளவனுக்கு வழி மறைக்கப்படுவதும் இல்லை. அதுவும் ஒரு பூட்டுதான். சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்த பூட்டு.

கார் கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது அவ்வளவுதான். அதுவரை, அடுத்த முறை யாராவது "ஈசியூ போயிருக்கும்" என்றால், "மீட்டர் வெச்சுப் பாருப்பா, பார்த்ததுக்கும் காசு தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஐஸ் உருகுவதற்குள் வண்டி கிளம்ப வாய்ப்பிருக்கிறது.

டிஸ்கி: மஞ்சள் நிறக் கனெக்டர்கள் பொதுவாக ஏர்பேக்குடையவை. மீட்டரோடு அந்தப் பக்கம் போக வேண்டாம், ப்ளீஸ்.