பேசினால் மட்டும் போதுமா?

கைப்பேசியின் முன் பேசினால் போதும், அதுவே பிழையற எழுதிக்கொள்ளும். ஆகையால் இனித் தமிழ்ப் பிள்ளைகள் எழுத்திலும் தட்டச்சிலும் காலத்தைச் செலவிட வேண்டியதில்லை என்னும் அபிப்பிராயம் படித்தவர்களிடையேகூட வலுத்து வருகிறது. இதை நான் முற்றிலும் மறுக்கிறேன்.

பேச்சை அறிவதில் யந்திரம் மனிதனுக்குச் சமானமாகிவிட்டது என்பது அவர்கள் காட்டும் முதற் பிரமாணம். தொலைபேசிச் சம்பாஷணைகளை எழுத்தாக்குவதில் தங்கள் யந்திரத்தின் பிழை நூற்றுக்கு 5.9 என்றும், அத்தொழிலில் தேர்ந்த மனிதரின் பிழைக்கு அது ஒப்பானதே என்றும் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் அறிவித்தது மெய்தான். ஆனால் அச்சம்பாஷணைகள் ஆங்கிலத்தில் நிகழ்ந்தவை. அந்த ஆங்கிலத்திலேயே, பெரிய நிறுவனங்கள் ஐந்தின் யந்திரங்களைச் சோதித்து 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 பிழையும் கறுப்பினத்தார் பேச்சில் 35 பிழையும் கண்டது.

தமிழும் வந்துவிட்டதே என்பார்கள். 2017-இல் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது பேருபகாரம்; எழுத்தறியாதாருக்கும் பார்வையற்றோருக்கும் அது வரப்பிரசாதமே. ஆயினும் எந்தத் தமிழ் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ‘வருகிறேன் என்று’ என ஏட்டில் எழுதுவதைச் சென்னையில் ‘வரேன்னு’ என்றும், நெல்லையில் ‘வாரேன்னு’ என்றும், யாழ்ப்பாணத்தில் ‘வாறன் எண்டு’ என்றும் சொல்கிறோம்; இவற்றை ஒலித்தபடியே எழுதுவதா, ஏட்டுத் தமிழாக மாற்றுவதா என்பதில் நமக்குள்ளேயே உடன்பாடில்லாதபோது யந்திரம் எதைப் பின்பற்றும்? ஒலியால் தீராத சங்கடமும் உண்டு. அடுப்புக்கு வாங்கும் கரியும் சமையலுக்கு வாங்கும் கறியும் நம்மில் பெரும்பாலோர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. எழுதியதை யந்திரமே உரக்கப் படித்துக் காட்டினாலும் பிழை காதில் விழாது. அதைக் கண்டுபிடிக்க வல்லவர் ரகர றகரம் அறிந்து எழுதப் பழகியவர் ஒருவரே. ஆகவே எழுத்துப் பயிற்சி தேவையில்லை என்பது தலைகீழான வாதம். சொல்வதை யந்திரம் எழுதும் காலத்தில், சரிபார்ப்பவனுக்கு எழுத்தறிவு முன்னிலும் அவசியமாகிறது.

காலம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பது கடைசிச் சமாதானம். கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்று, பின்னர் 1994-இல் டூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டி பணியாற்றிய கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், 1976-இல் உருவான ‘ஹார்பி’ என்னும் பேச்சறியும் யந்திரம் அறிந்திருந்தவை 1,011 சொற்களே. அங்கிருந்து இன்றைய நிலைக்கு இத்துறையை உயர்த்தியதில் பெரும்பங்கு, மனிதர் பேசிப் பதிவான ஒலிக் களஞ்சியத்துக்கே உரியது. 2022-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ‘விஸ்பர்’ என்னும் பேச்சறியும் யந்திரம் 6,80,000 மணி நேர ஒலியால் பயிற்றப்பட்டது. அதில் ஆங்கிலமல்லாத 96 மொழிகளை அவ்வம்மொழியிலேயே எழுதப் பழக்குவதற்கு எல்லாம் சேர்ந்து கிடைத்தவை 1,17,000 மணி நேரமே. நம் பேச்சை நாம் கொடுக்காவிட்டால் எத்தனை ஆண்டு கழிந்தாலும் தமிழின் பங்கு தானே பெருகாது.

கொடுப்பதற்கு வழியும் இருக்கிறது. சென்னை ஐஐடியைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழு, சாமானிய மக்கள் இயல்பாகப் பேசுவதை 22 இந்திய மொழிகளில் பதிவு செய்து வருகிறது. மொசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ திட்டத்தில் யார் வேண்டுமானாலும் தம் குரலைப் பொதுவுடைமையாக அளிக்கலாம். பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிப்பதை நிறுத்தாதீர்கள்; உங்கள் ஊர்ப் பேச்சையும் அக்களஞ்சியத்தில் சேர்த்துவையுங்கள்.