கூட்டம் வேறு, வியாபாரம் வேறு



பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. வாளி நிறையப் பால் வந்தது என்பதற்காகக் கிராணி கூலி போட்டதில்லை. மெட்ரோலாக் கருவியைப் பாலில் இறக்கி, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்த பிறகே கணக்கு எழுதினார். நல்ல பாலிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். மழைநீர் கலந்தால் வாளி கனக்கும், கூலி ஏறாது.

இணையத்தில் கடை வைத்தவர்களுக்கும் இதே கணக்குத்தான். இன்று நம் தாய்மார்கள் பலர் முறுக்கும் ஊறுகாயும் செய்து இணையம் வழியாக விற்கிறார்கள். பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளில் சிலர் அங்கேயே சிறுகடை தொடங்க எண்ணுகிறார்கள். "இந்த மாதம் ஆயிரம் பேர் உங்கள் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் மனம் குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிர்ச்சியில் சேமிப்புப் பணத்தை விளம்பரத்தில் கொட்டுகிறவர்கள் உண்டு. ஆகவேதான் இம்முறை இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையைப் பார்த்திருப்பீர்கள். தேக்கா சந்தை தொடங்கி நடைபாதை எங்கும் மனிதத் தலைகள். கேம்பல் லேனிலும் பஃப்ளோ ரோட்டிலும் மாலை கட்டி விற்கும் கடைகளைத் தாண்டி எத்தனையோ பேர் போகிறார்கள். சிலர் நின்று பார்க்கிறார்கள், அவர்களில் சிலர் விலை கேட்கிறார்கள், அவர்களிலும் சிலரே வாங்குகிறார்கள். நல்ல கடைக்காரர் இந்த நான்கு வகையினரையும் கண்ணாலேயே பிரித்துவிடுவார். இணையக் கடையில் வருகிறவர்களின் முகம் தெரியாது. அங்கே கண்ணுக்குப் பதிலாகக் கணக்குக் கருவி வேண்டும். அவற்றில் பலரும் அறிந்தது கூகுள் அனலிட்டிக்ஸ். 2005-ஆம் ஆண்டில் வந்தது. சிறு வியாபாரிகளுக்குக் காசில்லாமலே கிடைக்கிறது.

அது சொல்லும் மூன்று எண்களை அறிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும்.

முதலாவது, வந்தவர் எண்ணிக்கையும் வருகை எண்ணிக்கையும். இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் பார்த்தால், ஆள் ஒன்று, வருகை இரண்டு. அவரே கைப்பேசியில் ஒரு முறையும் கணினியில் ஒரு முறையும் பார்த்தால் இரண்டு ஆளாகவே எண்ணப்படக்கூடும். நீங்களும் உங்கள் மகனும் ஆசையோடு திறந்து திறந்து பார்ப்பதும் கணக்கில் சேரும். இதுதான் மழைநீர்!

இரண்டாவது, நின்று பார்த்தவர்கள். பத்து விநாடிக்கு மேல் தங்கினால், அல்லது இரண்டு பக்கமாவது புரட்டினால், அந்த வருகையைக் கருவி தனியாகக் குறிக்கிறது. வாசலோடு திரும்பியவர்கள் இதில் சேர மாட்டார்கள்.

மூன்றாவதுதான் காய்ந்த ரப்பர். ஆர்டர் கொடுத்தவர், தொலைபேசி எண்ணைத் தொட்டவர், வாட்ஸ்அப்பில் விலை கேட்க வந்தவர் எத்தனை பேர்? உங்கள் வியாபாரத்துக்கு எது முக்கியம் என்று கருவிக்குத் தானாகத் தெரியாது. "இந்தப் பொத்தானைத் தொட்டால் முக்கியம் என்று குறி" என்று நீங்கள்தான் அமைக்க வேண்டும். பக்கத்தைச் செய்து தருபவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். கணக்கு உங்கள் மின்னஞ்சல் பெயரிலேயே இருக்கட்டும். அவர் பெயரில் இருந்தால், நாளை அவரோடு பிணக்கு வரும்போது உங்கள் கடைப் பேரேடு அவர் வீட்டில் இருக்கும்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். தேக்காப் பக்கம் ஒரு மாலைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் 1,000 வருகை. கடைக்காரருக்கு மகிழ்ச்சி. பிரித்துப் பார்த்தால், 200 வெள்ளி கொடுத்துப் போட்ட விளம்பரம் வழியாக 900 வருகை, ஆர்டர் 3. கூகுளில் தாமாகத் தேடி வந்தவை 100 வருகை, ஆர்டர் 8. ஓர் ஆர்டருக்கு 20 வெள்ளி இலாபம் என்றால் விளம்பரம் கொண்டு வந்த இலாபம் 60 வெள்ளி. கைவிட்டுப் போனது 140 வெள்ளி. கூட்டத்தை அழைத்து வந்த வழிதான் பணத்தைத் தின்றிருக்கிறது!

ஏன் அப்படி ஆயிற்று? வருகை எந்த ஊரிலிருந்து என்பதையும் கருவி ஓரளவு காட்டும். விளம்பரம் வழி வந்தவர்களில் பெரும்பாலோர் சென்னையிலும் மதுரையிலும் இருந்து பார்த்தவர்கள் என்று தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. சிங்கப்பூர்க் கல்யாண மாலையை மதுரைக்கு அனுப்ப முடியுமா? விளம்பரத்தைச் சிங்கப்பூருக்குள் மட்டும் காட்டச் சொன்னால் வருகை குறையலாம், ஆனால் வருகிறவர் வாங்கக்கூடியவராக இருப்பார். எண் குறைந்து இலாபம் கூடினால் அதற்காக வருந்த வேண்டாம்.

நம்மவர் வியாபாரத்தில் இன்னொரு பொறி உண்டு. சென்ற ஆண்டு அக்டோபரையும் இந்த ஆண்டு அக்டோபரையும் ஒப்பிடுவது. சிங்கப்பூரில் தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. முதலாண்டில் மாதம் முழுவதும் பண்டிகை வியாபாரம். அடுத்த ஆண்டில் கடைசிப் பதினொரு நாள் பண்டிகை முடிந்த ஓய்வு. மாதத்தோடு மாதத்தை வைத்துப் பார்த்துவிட்டு "வியாபாரம் படுத்துவிட்டது" என்று கலங்கக்கூடாது. தீபாவளிக்கு முந்திய முப்பது நாளோடு முந்திய முப்பது நாளைத்தான் ஒப்பிட வேண்டும். கருவிக்கு ஆங்கில மாதம்தான் தெரியும். நம் பண்டிகை நமக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. எண்களை உங்கள் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள். கூகுள் தன் பழைய முறையை 2023 ஜூலை முதல் தேதி நிறுத்தியது. ஓராண்டு கழித்துப் பழைய கணக்குகளையும் பார்க்க முடியாதபடி மூடிவிட்டது. முன்பே எடுத்து வைத்தவர்களுக்குக் கவலை இல்லை. எடுத்து வைக்காதவர்களின் பல்லாண்டுக் கணக்கு போனது போனதுதான்.

வாரத்துக்கு ஒரு நாள் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள் அல்லது வாங்கினார்கள், அதற்கு எவ்வளவு செலவானது என்று நான்கு வரி எழுதுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையை அருகில் உட்கார வைத்து எழுதச் சொன்னால் அதற்கும் விழுக்காட்டுக் கணக்கு வந்துவிடும். ஒரு மாதம் முடிந்ததும் அந்த நான்கு வரிகளைப் பார்த்த பிறகே விளம்பரத்துக்குக் காசு எடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது கடைக்கும் பொருந்தும்.