கடற்பசுவைத் தேடும் கண்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

விமான இரைச்சலிலேயே பாடம் படித்து வளர்ந்தவர்கள் பொழிச்சலூர்ப் பிள்ளைகள். மீனம்பாக்கம் அவ்வளவு அருகில். ஆயினும் ஆளில்லா விமானமாகிய டிரோனை நான் தொட்டுப் பார்த்ததில்லை; எங்கள் ஊரில் அனுமதியின்றி அதைப் பறக்கவிட முடியாது. பாக் விரிகுடாவிலோ அது கடற்பசுவைத் தேடிப் பறக்கிறது!

கடற்பசு மீனன்று, பாலூட்டி. கடற்புல்லை மேய்வது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வருவது. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே கன்றுதான். 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. அப்போது நாட்டில் எஞ்சியவை ஏறத்தாழ 240 என்றார்கள். டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் படகிலும் டிரோனிலும் அவற்றைத் தேடுகின்றனர். ஆஸ்திரேலியாவின் சார்க் விரிகுடாவில் இம்முறையைச் சோதித்த ஆய்வு 2013-இலேயே வெளிவந்துவிட்டது.

படமெடுப்பது எளிதன்று. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கூசும். அவ்வொளி செங்குத்திலிருந்து 53 பாகையில் முழுத் தளவிளைவு பெற்றது. ஆய்வகத்தில் கண்ணாடியை வைத்து அளந்தோமே, அதே புரூஸ்டர் கோணம். (கண்ணாடிக்கு 57 வர வேண்டும், எனக்கு 61 வந்தது!) லென்சின் முன் தளவிளைவு வடிகட்டியைப் பொருத்தினால் கூச்சம் குறையும். வெப்பமறியும் அகச்சிவப்புக் கருவியோ நீருக்குள் பாராது. நீர் அக்கதிரை உறிஞ்சிவிடும். கலங்கிய நீரில் எந்தக் கருவிக்கும் திண்டாட்டமே.

இவற்றையெல்லாம் என் தந்தையிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கொத்து வேலை செய்பவர். பள்ளி வாசலை மிதியாதவர். "அங்க மீன் புடிக்கிறவங்கள ஒரு வார்த்த கேட்டாங்களாடா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆவுளியா என்று அதற்குப் பெயரிட்டு அழைப்பவர்கள் அம்மீனவர்கள். ஒரு காலத்தில் இறைச்சிக்காகப் பிடித்ததும் உண்டு; மறைப்பானேன்? ஆனால் இன்று வலையில் சிக்கியதை வலையை அறுத்துக் கடலில் விட்டவர்களும் அவர்களே. அறுந்த வலையின் விலை நமக்குத் தெரியுமா?

படத்தில் தெரியும் பழுப்புக் கோடு கடற்பசுவா, ஓங்கிலா, புல்திட்டா என்று சொல்லத் தேர்ந்த கண் வேண்டும். அக்கண் மல்லிப்பட்டினத்திலும் மணமேல்குடியிலும் இருக்கிறது. அவ்வூர்ப் பிள்ளைகளும் இன்று கல்லூரிக்கு வருகிறார்கள். டிரோன் ஓட்டும் பயிற்சியை முதலில் அவர்களுக்குத் தர வேண்டும், ஊதியத்தோடு. வெளியாள் வந்து மேலிருந்து பார்த்தால், 'நம் படகைத்தான் வேவு பார்க்கிறான்' என்ற ஐயம் எழும். பிறகு கடற்பசுவைக் கண்டவரும் வாய் திறவார். விலங்கியல் நண்பர்கள் இதை மறுத்து எழுதினால் அடுத்த ஆண்டு மலரில் படித்துக்கொள்கிறேன்.