பரணில் இருக்கும் நெகட்டிவ் என்ன சைஸ்?

தாத்தாவின் ஒரே படம், படகோரம் நின்று எடுத்த குரூப் போட்டோதானா? சுண்ணாம்புக்குளம் போன்ற பழவேற்காடு ஏரியோர ஊர்களில், ஈரக்காற்றில் பழைய பிரின்ட் பூஞ்சை பிடித்துவிடும். நெகட்டிவ் இருந்தால் கவலை வேண்டாம். அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கலாம். எவ்வளவு பெரிதாக என்பதை சைஸ் சொல்லும். ஸ்கேலை எடுங்க!

* சுமார் 6 செ.மீ. சதுரம்: 120 ஃபிலிம். ஆக்ஃபா க்ளிக் 3 கேமராவில் ரோலுக்கு 12 படம். பெரிதாக்க ஏற்ற சைஸ்.

* 24 x 36 மி.மீ., இரு ஓரமும் துளை: 35 மி.மீ. ஃபிலிம். சினிமா ஃபிலிமில் பிறந்தது; 1925-ல் வந்த லைகா கேமரா பிரபலமாக்கியது. ரோலுக்கு 36 படம்.

* 18 x 24 மி.மீ.: அதே ஃபிலிம், பாதி ஃபிரேம். 1959-ல் வந்த ஒலிம்பஸ் பென் இந்த ரகம். 36 படச் சுருளில் 72 படம். சிக்கனம்தான், ஆனால் விவரம் பாதி.

* 13 x 17 மி.மீ.: 1972-ல் கோடக் கொண்டுவந்த 110. விரல் நகம் அளவு!

10 x 15 செ.மீ. பிரின்ட் போட 35 மி.மீ. நெகட்டிவை 4 மடங்கு பெரிதாக்கினால் போதும். 110 என்றால் கிட்டத்தட்ட 9 மடங்கு. அதனால்தான் முகம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு நெகட்டிவ் இருந்தால், தெளிவான பெரியதைக் கொடுங்கள்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வருகிறதா? சூட்டிலும் ஈரத்திலும் ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது. அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மற்றவற்றைக் காகித உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரிக்கு மாற்றுங்கள்.