தாங்கும் வலிமை

2013-இல் வெளிவந்த ‘அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃப்ளாக்’ விளையாட்டில் கரீபியன் கடல் நம்முன் விரிந்து கிடக்கிறது. வரைபடத்தின் நான்கு மூலைகளிலும் பெரும் போர்க்கப்பல்கள் காத்திருக்கின்றன. பொறுமையிழந்து அவற்றை நாடிய நான் பலமுறை மூழ்கி, எரிச்சலுற்றேன். என் மகனோ தொலைநோக்கியால் சரக்கை அறிந்து, மரமும் உலோகமும் ஏற்றிய சிறு கப்பல்களையே முதலில் பிடித்தான். அவற்றைக்கொண்டு தன் ‘ஜாக்டா’ கப்பலின் உடற்பகுதியை உறுதிப்படுத்தினான். பீரங்கிகளைப் பின்னரே பெருக்கினான். எதிரி சுடுகையில் மாலுமிகளைக் குனியவைத்துச் சேதத்தைக் குறைத்தான்.

தாக்கும் வலிமைக்கு முன்னே தாங்கும் வலிமை வேண்டும் என்பதே என் கருத்து. “எனக்கும் கற்றுக்கொடு” என்று அவனிடம் கேட்க வெட்கப்பட்டு, பல மாலைகளை வீணாக்கினேன். கேட்ட அன்றுதான் நெடுநாளுக்குப்பின் இருவரும் அருகருகே அமர்ந்தோம். இளையோரிடம் கற்கத் தயங்காதிருப்போமாக.